‘நீர்ச் சமநிலை’ என்னும் கணக்கும் பிளாச்சிமடாவின் கிணறுகளும்

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெய்ஜிங்கில் உலக இயற்கை நிதியத்தின் மாநாட்டில் கோகோ கோலா நிறுவனம் ஓர் உறுதிமொழி அளித்தது. தன் பானங்களிலும் அவற்றின் உற்பத்தியிலும் செலவாகும் நீருக்கு ஈடான நீரை இயற்கைக்கும் மக்களுக்கும் திருப்பித் தருவோம் என்பதே அது. அதற்கான இலக்காண்டாக 2020 குறிக்கப்பட்டது. ஆனால் 2015இலேயே அதை எட்டிவிட்டதாக 2016இல் நிறுவனம் அறிவித்தது. அன்றுமுதல் ‘நீர்ச் சமநிலை’ என்பது குளிர்பானத் தொழிலின் பெருமைக்குரிய சொல்லாயிற்று. அச்சொல் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு இரு பகுதிகள் கொண்டது. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியே விடுவது ஒன்று. புட்டிக்குள் அடைபட்டு விற்பனைக்குப் போகும் நீரின் அளவுக்கு, நீர்ப்பிடிப்புப் பகுதிகளைச் சீரமைத்தல், மழைநீர் சேகரிப்பு, குடிநீர்த் திட்டங்கள் ஆகியவற்றுக்கு உதவுவது மற்றொன்று. இந்த இரண்டாம் பகுதி உலக அளவில் மொத்தமாகக் கூட்டப்படுகிறது. ஒரு கண்டத்தில் காட்டைச் செப்பனிட்டால் இன்னொரு கண்டத்தில் உறிஞ்சிய நீர் நேராகிவிடும். சென்னையில் வங்கியில் போட்ட பணத்தை மதுரையில் எடுக்கலாம். கிணற்றுக்கு அந்த வசதி கிடையாது.

சர்க்கரை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. நெதர்லாந்தில் தயாராகும் அரை லிட்டர் கோலாவுக்கு மொத்தம் 35 லிட்டர் நீர் தேவைப்படுகிறது என்று, நிறுவனமே பங்கேற்று 2010இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதில் பெரும்பகுதி, சர்க்கரைக்காகப் பீட் கிழங்கு விளையும் வயலின் நீர். வயலை விட்டுவிட்டு ஆலையை மட்டும் அளந்தால் எந்தக் கணக்கும் எளிதில் சமமாகும்.

இனி, கணக்கிலிருந்து கிணற்றுக்கு வருவோம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பெருமாட்டி ஊராட்சியில் உள்ளது பிளாச்சிமடா. மழை குறைந்த பகுதி. 2000ஆம் ஆண்டு அங்கே கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் சுற்றியிருந்த கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்தது. எஞ்சிய நீரோ கடினமாகி, சோறு வடிக்கவும் உதவாமற்போனது. பெண்கள் நெடுந்தூரம் நடந்து நீர் சுமந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எரவாளர், மலசர் பழங்குடியினரும் தலித்துகளும். பிறர் நிலத்தில் கூலிக்குப் போகும் அவர்கள் தண்ணீருக்காக நடந்த நாளெல்லாம் கூலியையும் இழந்தனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் சி.கே. ஜானு தொடங்கிவைத்த போராட்டத்தை, எரவாளப் பெண்ணான மயிலம்மா முன்னின்று நடத்தினார். உரம் என்று உழவர்களிடம் ஆலை கொடுத்த கழிவுச் சேற்றில் காட்மியமும் ஈயமும் இருந்தது 2003இல் வெளிப்பட்டது.

ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று 2003 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இருவர் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. ஆலையை மீண்டும் திறக்கப்போவதில்லை என்று 2017இல் நிறுவனம் கூறியதும் வழக்கு முடிந்தது. நீர் யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

விடை கிடைக்காதவரை ஆள்வது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே. தன் நிலத்தின் அடியில் வரையறுக்கப்பட்ட ஓடையில் ஓடாத நீரைத் திரட்டிக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமையுண்டு என்கிறது அதன் 7ஆம் பிரிவு. நிலம் உள்ளவருக்கே நீர். காலனிகளுக்காக நீர் வழக்கு நடத்தும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, “அங்கே உங்களுக்குப் பட்டா இருக்கிறதா?” என்பதுதான். நானும் எதிர்கொண்டிருக்கிறேன். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவரிடம் நிலத்தைக் காட்டி நீரைக் கேள் என்பது, சாதி செய்ததைச் சட்டம் உறுதிசெய்வதாகும்.

நீரை நிலத்தோடு பிணைக்காமல், அதைப் பயன்படுத்தும் மக்களோடு பிணைக்கும் சட்டமும் நம்மிடம் உண்டு. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தை அந்தப் பயனுக்குத் தகுதி குறையும்படி மாசுபடுத்துவது குற்றம் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவு. பட்டாவை அது கேட்பதில்லை. 2016இல் பிளாச்சிமடா தொடர்பாக இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. ஒரு சிக்கல் உண்டு: பிரிவு மாசுபடுத்தலைச் சொல்கிறது, வற்றச் செய்வதைச் சொல்லவில்லை. எனினும், அளவுமீறி உறிஞ்சுவதால் எஞ்சும் நீர் உப்பேறி, குடிக்கவும் சமைக்கவும் உதவாமற்போகுமானால், அதுவும் தகுதி குறைத்தலே என்று வாதிட இடமுண்டு. நீராய்வு அறிக்கைகளை அன்றன்றே பெற்று வைப்பது அதற்கு முதற்படி. கிணறு கெட்டு ஐந்தாண்டு கழித்து எடுக்கும் மாதிரி எதிர்த்தரப்புக்கே உதவும்.

தமிழ்நாட்டிலும் இதன் சாயல் தெரிந்தது. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீரை வழங்க 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தரப்படுவது உபரி நீரே என்றது அரசுத் தரப்பு. அந்த ‘உபரி’ ஆற்றில் அளந்தது. காலனியின் குழாயடியில் அளந்ததன்று.

பிளாச்சிமடாவின் இழப்பை மதிப்பிட்ட கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010இல் 216.26 கோடி ரூபாய் என்றது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதா 2011 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆண்டுக்கணக்கில் தில்லியில் கிடந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலின்றித் திரும்பி வந்தது. 2023இல் ஆலை இருந்த நிலத்தையும் கட்டடத்தையும் விலையின்றிக் கேரள அரசிடம் ஒப்படைக்க நிறுவனம் முன்வந்தது. குழு குறித்த அந்த 216.26 கோடியில் கூலியிழந்த பெண்களுக்கு உரிய பங்கும் இருந்தது. அதைக் கேட்டுப் பெற அவர்களுக்கென ஒரு தீர்ப்பாயம் அமையவில்லை.