இந்த இரும்பு எங்கிருந்து வந்தது?

அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை இருக்கிறது. ஆலை இருந்தால் லாரி, லாரி இருந்தால் பட்டறை, பட்டறை இருந்தால் பழைய இரும்புக் கடை. அந்தக் குவியலில் கண் பழகியவருக்கு எப்போதாவது யோகம் அடிக்கும்: துரு மூடிய ஒரு பழைய வைஸ், அதாவது வேலைத் துண்டைத் தாடையில் கவ்விப் பிடிக்கும் பட்டறைப் பிடிகருவி. ஸ்பிண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கை சலிக்காமல், ஒரு நெம்பை அழுத்தினாலே தாடை சர்ரென்று நகரும் ‘குவிக் ரிலீஸ்’ வகையாக இருக்கலாம். ஒரு கால் தரைவரை நீண்டு சம்மட்டி அடியைத் தாங்கும் லெக் வைஸாகவும் இருக்கலாம். மேலே ‘ரெக்கார்ட்’, ‘பார்க்கின்சன்’ என்று இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். கிலோ கணக்கில் போகவேண்டிய இரும்புக்குப் பெயரை வைத்து விலை பேசுவார்கள்.

வாங்குகிறவர் தாடை தேய்ந்திருக்கிறதா, மரை போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எங்கிருந்து வந்தது?

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை இங்கிருந்து வெகுதூரமில்லை. வைஸின் உடம்பில் ரயில்வே முத்திரை தெரிந்தால், 1951-இல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முந்தைய தென்னிந்திய ரயில்வேயின் ‘எஸ்.ஐ.ஆர்.’ எழுத்துகளே ஆனாலும், சேகரிப்பாளருக்கு உள்ளம் துள்ளும். துள்ளட்டும், ஆனால் 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. திருடப்பட்டதென்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் உங்கள் கையில் இருந்தால், அது முறையாக வந்ததென்று நிரூபிக்கவேண்டியவர் நீங்கள்தான். முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை போகலாம். நீதிமன்றம் தனிக் காரணம் காட்டாவிட்டால் ஓராண்டுக்குக் குறையாது. வழக்கமாகக் குற்றம் சாட்டியவர் நிரூபிப்பார். இங்கே சுமை இடம் மாறுகிறது. ‘சந்தையில் வாங்கினேன் சார்’ என்று வாயால் சொல்வது போதாது. ரயில்வே தன் கழிவு இரும்பை ஏலம் விடுகிறது, அதை எடுத்தவரிடம் அதற்கான தாள் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். தரத் தயங்கினால் வைஸை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தனியார் ஆலைச் சாமானுக்குப் பொதுச் சட்டம் போதும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்று வாங்கி வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நம்பக் காரணம் என்பதில்தான் சிக்கல். மேலே பொறித்த எண்ணைக் கிரைண்டரால் அழித்த வைஸ், பாதி விலை, ராத்திரியில் பேரம்: இவை மூன்றும் சேர்ந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்பதை யார் நம்புவார்?

தெரியாமலேதான் வாங்கினீர்கள் என்று வையுங்கள். சிறைக்குப் போகமாட்டீர்கள், ஆனால் வைஸ் போகும். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்றவனுக்கு இல்லாத உரிமை பொதுவாக உங்களுக்கும் வராது. விற்க உரிமை உண்டு என்பது ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. அது பொய்த்தால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்கத்தான் ரசீது வேண்டும். கடையின் பெயர், தேதி, விலை, பொருளின் அடையாளம், ‘இது என் சொந்தப் பொருள்’ என்ற ஒரு வரி. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் உதவும். பணத்தைக் கைக்காசாகத் தராமல் யூபிஐயில் அனுப்பினால் இன்னொரு தடயம்.

இனி விரிசல் விஷயம். பழைய வைஸ்களில் பல வார்ப்பிரும்பு. உடைந்ததை ஒட்டி, மேலே பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. இறுக்கும்போது பட்டென்று விட்டு, பிடித்திருந்த துண்டு முகத்தில் அடிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நம்பலாம், ‘டொக்’ என்றால் சந்தேகப்படுங்கள். அப்புறம் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைப் பூசிக் காத்திருந்தால், விரிசல் உறிஞ்சிய எண்ணெய் கோடாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். சுண்ணாம்புக்குப் பேர்போன அரியலூர்க்காரருக்கு இது செலவில்லாத சோதனை!

துருவைச் சுரண்டும்போதுதான் பெரும் கவனக்குறைவு. இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாதென்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அறுபது வருஷ வைஸின் பெயின்ட்டுக்கும், அதன் அடியில் இருக்கும் சிவப்பு பிரைமருக்கும் எந்த விதி? அதைக் காய்ந்தபடி கம்பி பிரஷ் கிரைண்டரில் ஓட்டினால் ஈயத்தூள் மூச்சிலும் சட்டையிலும் ஏறும், அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்குவீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், துணிக் கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசமாவது வேண்டும். கம்பி இழைகள் தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். சோடா உப்பும் பேட்டரி சார்ஜரும் வைத்து மின்சாரத்தில் துரு எடுப்பவர்கள் எவர்சில்வர் துண்டைத் தொட்டியில் போடாதீர்கள். நஞ்சான குரோமியம் கரையும். சாதா கம்பியே போதும், அதுவும் திறந்த வெளியில்.

இணையத்தில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒன்று. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் எப்போதும் தேவையில்லை. பட்டாளத்துக்காரர் என்று சொல்லி, பொருளை அனுப்பும் முன்பே முன்பணம் கேட்பது பழைய வித்தை. ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். விற்பனைச் சட்டம் பிறந்த ஆண்டும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல். மறக்காமல் இருக்க உதவும்.

கடைக்காரர் ‘விரிசலே இல்லை’ என்று சொல்லி விற்று, பின்னர் விரிசல் வெளிப்பட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே முடியாவிட்டால் அரியலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டாண்டுக்குள், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம், ஐந்து லட்சம் வரைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டு உபயோகத்துக்கு, அல்லது சொந்தக் கையால் பிழைக்கும் பட்டறைக்கு வாங்கியிருந்தால்தான் நீங்கள் நுகர்வோர். பழுது பார்த்து லாபத்துக்கு விற்க வாங்கியிருந்தால் இந்தக் கதவு திறக்காது, சிவில் நீதிமன்றம்தான். அடுத்த வீட்டுக்காரர் ஒரே ஒரு வைஸை விற்றால் அவர் வியாபாரியும் அல்ல, அங்கேயும் சிவில் வழக்குதான்.

அப்படி மெருகேற்றி நீங்கள் விற்கும்போது இந்தக் கேள்விகளெல்லாம் உங்களை நோக்கித் திரும்பும். ஒட்டிய இடம் இருந்தால் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்: ‘இடது தாடையின் அடியில் பழைய ஒட்டு’.