‘உம்’ கொட்டும் குழந்தையும் ஊர் நூலகமும்

பொருநைக் கரையிலுள்ள ஊர்களில் ஆச்சிமார் பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்லும்பொழுது ஒரு நியதியைத் தவறாமல் அனுசரிப்பார்கள். கேட்கிற குழந்தை அடிக்கொரு தரம் ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். “உம் கொட்டுலே, இல்லன்னா கதை கிடையாது” என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள். குழந்தை உறங்கிவிட்டதா என்று அறிவதற்கு மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று இது. கேட்பவனையும் கதைக்குப் பங்காளியாக்கி, அடுத்தது என்னவென்று அவனையே யோசிக்கச் செய்கிற உபாயம். சிறு குழந்தைகளுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும்போது நடுநடுவே நிறுத்தி வினாவெழுப்புங்கள், குழந்தை சொல்லும் ஒரு சொல்லை வாங்கி விரித்துச் சொல்லுங்கள் என்று இக்காலக் கல்வி ஆராய்ச்சியாளர் வற்புறுத்துகிற முறையின் சாரத்தை, எழுத்தறியாத நம் ஆச்சிமார் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கி வைத்திருந்தார்கள்.

வாசிப்பு என்பது கண்ணால் தொடங்குவது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது காதில் தொடங்குகிறது. தமிழில் எழுத்துக்கள் 247 என்று சொல்லிக் குழந்தையை நாம் மிரட்டினாலும், முப்பது முதலெழுத்துக்களையும் சில குறிகளையும் அறிந்துகொண்டால் பெரும்பகுதி கைவசமாகிவிடும். ஆயினும் ‘கொ’ என்னும் எழுத்தைப் பாருங்கள். ஒலியில் ககரம் முந்தி நிற்க, ஏட்டிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக அமைந்து, ககரம் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. இந்தச் சிக்கலை அவிழ்க்க முயலும் குழந்தைக்கு, ‘கொக்கு’ என்ற சொல்லும், அது ஒற்றைக் காலில் நின்ற கதையும் முன்னரே பரிச்சயமாயிருந்தால், பாதி சிரமம் தீர்ந்துபோகும்.

இதைக் காட்டிலும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. வீட்டில் ‘அவிய வந்தாவ’ என்று கேட்டு வளர்ந்த நெல்லைக் குழந்தை, புத்தகத்தைத் திறந்ததும் ‘அவர்கள் வந்தார்கள்’ என்பதைக் காண்கிறது. தாய்மொழியே வேற்றுமொழி போல் முகம் காட்டுகிறது. பள்ளிக்குச் செல்வதற்கு முன்பே புத்தகத்திலிருந்து பலமுறை வாசித்துக் காட்டக் கேட்ட குழந்தைக்கோ ஏட்டுத்தமிழ் பழகிய விருந்தாளி ஆகிவிடுகிறது. ஆகவே கதை சொல்லுதல், புத்தகத்தைக் கையில் வைத்து வாசித்துக் காட்டுதல் ஆகிய இரண்டும் குழந்தைக்கு அவசியம்.

ஆனால் எத்தனை வீடுகளில் குழந்தைப் புத்தகங்கள் இருக்கின்றன? நெல்லைச் சீமை ஏடுகளுக்குப் பஞ்சமில்லாத சீமைதான். பத்துப்பாட்டின் சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் வந்து நின்றது ஆழ்வார்திருநகரிக் கவிராயர்களின் வீட்டு வாசலில். தமிழ்நாடெங்கும் நூல்களைப் பரப்பிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920-ல் பிறந்ததும் திருநெல்வேலியிலேதான். எனினும் அந்தச் செல்வம் சில வீடுகளின் பரம்பரைச் சொத்தாகவும் கற்றவரின் அலமாரியிலும் தங்கியதேயன்றி, வயலில் நாற்று நடுகிறவளின் மடியிலிருக்கும் பிள்ளைக்குத் தானே நடந்து வந்துவிடவில்லை.

பொருநையாகிய தாமிரவருணியின் நீரும் தானாகவே வயலுக்கு வந்துவிடுவதில்லை. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளை நிறுத்தி, அவற்றினின்று கால்வாய்களும் மடைகளும் பிரித்த பிறகே கடைமடை வயல் நனைகிறது. புத்தகத்துக்கும் அத்தகைய வாய்க்கால் வேண்டும் என்று கண்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாக அவர் வகுத்தளித்த 1931-ஆம் ஆண்டிலேயே, மன்னார்குடியில் மாட்டுவண்டி ஒன்று புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. பின்னர் 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. அச்சட்டத்தின் பயனாக, நாம் செலுத்தும் வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு இன்று நூலக வரியாகச் சேர்கிறது. வாய்க்கால் மராமத்துக்குத் தன் பங்கைக் கொடுத்த குடியானவன் மடையைத் திறக்கச் சொல்லித் தண்ணீரைக் கேட்பதுபோல், நூலக வரி செலுத்திய ஒவ்வொரு குடும்பமும் தன் குழந்தைக்குரிய புத்தகத்தை உரிமையோடு கேட்கலாம்.

பாளையங்கோட்டையிலுள்ள மாவட்ட மைய நூலகமும், பேரூர்களின் கிளை நூலகங்களும், சிற்றூர்களின் ஊர்ப்புற நூலகங்களும் அந்த வாய்க்கால்களே. 2022 நவம்பரில் நெல்லையில் நிகழ்ந்த பொருநை இலக்கியத் திருவிழாவைப் பொது நூலகத் துறையே முன்னின்று நடத்தியது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும், சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளாக வகுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வருகிறது. அப்பெயர்களே ஒரு குழந்தையின் வளர்ச்சியைச் சொல்லிவிடுகின்றன.

இந்த நான்கு படிகளுக்கும் முன்னே ஒரு படி இருக்கிறது; அது மடி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1992-ல் கைக்குழந்தைகளுக்கே புத்தகம் வழங்கும் முயற்சியைத் தொடங்கியவர்கள் அந்தப் படியைத்தான் கருதினார்கள். நம் ஊர் நூலகத்தில் மடிக்குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட அதிகப் பொருட்செலவு வேண்டியதில்லை. வாரம் ஒரு மாலை, ஒரு பாய், பெரிய படங்களுள்ள பத்துப் புத்தகங்கள், குரலெடுத்து வாசிக்க ஒருவர் இருந்தால் போதும். வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ, கல்லூரி மாணவியோ, ஆச்சி ஒருத்தியோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். எழுத்தறியாத தாயும் கூச்சமின்றி வந்து அமரலாம். படத்தைக் காட்டிப் பேசுவதற்கு எழுத்தறிவு தடையன்று. ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கி, விரலால் தடவிப் படிக்கும் தமிழைக் கற்பித்த ஊர் பாளையங்கோட்டை. கண்ணொளியில்லாத குழந்தையும் மற்றக் குழந்தைகளோடு ஒரே பாயில் அமர்ந்து கதை கேட்க வேண்டும் என்று இந்த ஊருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும், ஓரத்தைக் கடிக்கும், ஒரே கதையை இருபது தடவை கேட்கும். நூலகரும் பெற்றோரும் இதற்காக முகஞ்சுளிக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தக் கதையே குழந்தை தானாக வாசிக்கப்போகிற முதற்புத்தகம்.

தேசிய நூலக வாரம் ஆண்டுதோறும் குழந்தைகள் தினமான நவம்பர் 14-ல் தொடங்கி 20 வரை நடைபெறுகிறது. பிள்ளை படிக்கக் கற்ற பின் நூலகத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்று ஒத்திப்போடாமல், படிக்கத் தெரியாத இந்தப் பருவத்திலேயே, அந்த வாரத்தில் ஒருநாள் இடுப்பில் தூக்கிக்கொண்டாவது போய்வாருங்கள். கிழங்கட்டையும் இளம்பிள்ளையுமாக நாலு பேர் பாயில் அமர்ந்திருக்க, ஒருவர் ஏட்டைப் புரட்டி வாசிக்க, எங்கோ ஒரு மழலைக் குரல் ‘உம்’ என்று எழுமாயின், பொருநையின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டிவிட்டது என்றே நான் கொள்வேன்.