புதிதாக வந்த பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். புற்றுக்குப் பால் வார்த்துவிட்டு நாலடி தள்ளி நின்று கும்பிட்டவர்கள் நாம். இன்றோ இந்தப் பெங்களூரில் நம் பிள்ளைகள் சிலர் படுக்கையறையிலேயே பாம்பு வளர்க்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் உள்ள திருநெல்வேலிக் குடும்பத்துப் பையன் கல்லூரி மாணவன். 'பால் பைதான்' என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை நான்கு ஆண்டுகளாக வளர்த்து வந்தான். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர்.

சென்ற ஆண்டு நண்பன் ஒருவனிடமிருந்து தென் அமெரிக்க இனமான போவா பாம்பு ஒன்றையும் வாங்கி வந்தான். பளபளவென்று இருந்தது, நன்றாக இரை தின்றது. பழைய பாம்பின் பெட்டிக்குப் பக்கத்திலேயே அதன் பெட்டியையும் வைத்தான். இரண்டு மாதம் கழித்துப் பழைய பாம்பு விழுங்கிய எலியைக் கக்கியது. பிறகு தலை ஆட ஆரம்பித்தது. வானத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்தபடியே கிடந்தது. மல்லாந்தால் திரும்பத் தெரியவில்லை. சில நாட்களில் இறந்தது.

கால்நடை மருத்துவர் போவாவின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். 'இன்க்ளூஷன் பாடி' நோய் என்றார். அணுக்களுக்குள் அந்நியத் துகள்கள் திரண்டு நிற்பதால் வந்த பெயர். 1970-களிலிருந்தே அமெரிக்காவில் அறியப்பட்ட நோய் இது. ஆனால் காரணம் 2012-இல்தான் புலப்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், நோயுற்ற பாம்புகளில் அரினா வைரஸ் வகையைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அந்த வகை பாலூட்டிகளில்தான் அறியப்பட்டிருந்தது.

2017-இல் வெளியான சோதனை இன்னும் முக்கியமானது. வைரஸ் செலுத்தப்பட்ட பால் பைதான்கள் இரண்டு மாதங்களுக்குள் கடுமையாக நோயுற்றன. போவாக்களோ இரண்டு ஆண்டுகளாகியும் வெளியே எந்த அறிகுறியும் காட்டவில்லை. அதாவது, பார்வைக்கு ஆரோக்கியமான பாம்பே நோயைச் சுமந்து வரலாம். இதற்கு மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை.

பையனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன இரண்டு நண்பர்கள் தங்கள் பாம்புகளை அவனிடம்தான் விட்டுப் போயிருந்தார்கள். "சொன்னா என் மேலதானே பழி வரும், மாமா?" என்று என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவன் தந்தை, "அவங்க பாம்பு செத்தப்புறம் சொன்னா மட்டும் பழி வராதா? இப்பவே போனைப் போடுலே" என்றார். அன்றிரவே இருவருக்கும் சொன்னான். போவா கொடுத்தவனுக்கும் சொன்னான். பாவம், அவனுக்கும் விஷயம் தெரியாது. நண்பர்களின் பாம்புகளுக்கு முதல் பரிசோதனையில் நோய் தென்படவில்லை. ஆனாலும் சில மாதங்கள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

பாம்பு வளர்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். புதிய பாம்பை ஆறு மாதமாவது வேறு அறையில் வையுங்கள். அதன் தண்ணீர்க் கிண்ணமும் இடுக்கியும் தனியாக இருக்கட்டும். பழைய பாம்பைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுங்கள். செதிலிடுக்கில் ஒட்டும் பொடி உண்ணிகளை உடனே ஒழியுங்கள். அவை இந்நோயைப் பரப்புவதாக மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். தாயிடமிருந்து குட்டிகளுக்கும் இது தொற்றுகிறது. ஆகவே நோய் கண்ட பாம்பை இனப்பெருக்கத்துக்கு விடவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. துன்பம் முற்றினால் மருத்துவரிடம் சொல்லி வலியின்றி முடிப்பதே கருணை.

இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் பாம்புகளிடமிருந்து சால்மொனெல்லா கிருமி நமக்கு வரலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். நல்ல பாம்பு, சாரை, நம் நாட்டு மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். போவா, பால் பைதான் போன்ற வெளிநாட்டு இனங்களையும், 2022-இல் வந்த திருத்தத்தின்படி, பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும்.

பையன் வீட்டு போவா இப்போது தனியறையில், ஒற்றைப் பாம்பாக இருக்கிறது. இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சொல்வது: "ஆறு மாசம் பொறுத்திருந்தா, பழசு பிழைச்சிருக்கும் மாமா."