வளரிளம் பெண்களுக்கு மாதவிடாய் ஏன் முன்பின்னாக வருகிறது?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு ஒருமுறை 26 நாளில் வந்த மாதவிடாய், அடுத்த முறை 43 நாள் கழித்து வருகிறது. வீட்டில் பதறிப்போய் ஸ்கேன் எடுக்கக் கிளம்புகிறார்கள். இன்னொரு வீட்டில் நான்கு மாதமாக வரவே இல்லை. ‘இந்த வயசில் அப்படித்தான் இருக்கும், கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். முதல் பெண்ணுக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. மருத்துவரிடம் போக வேண்டியவள் இரண்டாமவள்.

எது இயல்பு, எது கோளாறு என்று பிரிக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘வயதுக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது?’ என்பதுதான். தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்குப் பதில் தெரியும். மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டவர்களுக்கு அந்தத் தேதி மறப்பதில்லை. அதற்குப் பின் வந்த தேதிகளைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை.

28 நாள் கணக்கு இவர்களுக்கு இல்லை

அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரி 2015இல் வெளியிட்ட பரிந்துரையில், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம்போல மாதவிடாயையும் பதின்பருவப் பெண்ணின் உடல்நலத்தைக் காட்டும் அடிப்படை அளவீடாகக் கொள்ளச் சொன்னது. அதன்படி, முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரையிலான இடைவெளி இயல்பு. இரத்தப்போக்கு 7 நாளுக்குள் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 முதல் 6 நாப்கின் வரை மாற்றுவது வழக்கமான அளவு.

கணக்கிடும் முறையிலேயே பலர் தவறுகிறார்கள். இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணக் கூடாது. ஒரு மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள்வரை எண்ண வேண்டும்.

தொடக்க ஆண்டுகளில் இந்தத் தடுமாற்றம் வரக் காரணம் இருக்கிறது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சினைப்பையைத் தூண்ட, சினைமுட்டை வெளியாகிறது. இந்தத் தொடர்பு முழுமையாகச் சீர்ப்படச் சில ஆண்டுகள் பிடிக்கும். பின்லாந்தில் 1970களில் நடந்த ஆய்வில், வயதுக்கு வந்த முதல் ஆண்டில் சுமார் 80 விழுக்காடு சுழற்சிகளில் முட்டை வெளியாகவே இல்லை. மூன்றாம் ஆண்டில் அது 50 விழுக்காடாகவும், ஆறாம் ஆண்டில் 10 விழுக்காடாகவும் குறைந்தது. முட்டை வெளியாகாவிட்டால் புரோஜெஸ்ட்ரான் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கவைத்துக்கொண்டே இருக்கும். அது உதிரும்போது நாள் தள்ளிப்போய், போக்கும் அதிகமாக இருக்கும்.

அதனால்தான் 2023இல் புதுப்பிக்கப்பட்ட, பிசிஓஎஸ் (நீர்க்கட்டி) குறித்த சர்வதேச வழிகாட்டுதல் அளவுகோலை ஆண்டுவாரியாகப் பிரிக்கிறது. முதல் ஆண்டில் ஒழுங்கின்மை இயல்பே. ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் 21 நாளுக்குக் குறைந்தாலும் 45 நாளைத் தாண்டினாலும் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குப் பிறகு அந்த மேல்வரம்பு 35 நாள். முதல் ஆண்டு முடிந்தபின் ஒரே ஒருமுறை 90 நாளைத் தாண்டினாலும் காரணம் தேட வேண்டும்.

சாப்பாடு குறைந்தாலும் எடை கூடினாலும்

உடலில் போதிய சேமிப்பு இல்லை என்று மூளை உணர்ந்தால் இனப்பெருக்கச் செயல்பாட்டைத்தான் முதலில் நிறுத்திவைக்கும். ரோஸ் ஃப்ரிஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1974இல் இதைக் கொழுப்பின் அளவோடு இணைத்தார். பூப்படைய உடல் எடையில் சுமார் 17 விழுக்காடும், சுழற்சி தொடரச் சுமார் 22 விழுக்காடும் கொழுப்பு தேவை என்பது அவர் கருத்து. அந்த எண்களை இன்று யாரும் கறாராகப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் சேமிப்பின் நிலையைத் தெரிவிக்கிறது என்பது உறுதியானது.

காலையில் வெறும் காபியோடு பள்ளிக்குப் போகிறவளும், ஒல்லியாக வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தியவளும், விடுதியில் தங்கி இருவேளை பயிற்சி செய்யும் ஓட்டப்பந்தய வீராங்கனையும் ஒரே சிக்கலில்தான் இருக்கிறார்கள். செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக அவர்கள் சாப்பிடுவதில்லை. விளையாடும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால் ‘தொந்தரவு விட்டது’ என்று நினைப்பது ஆபத்து. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு உறுதியாகாது. எலும்பின் பலம் பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான்.

எடை கூடுவதும் சுழற்சியைக் குலைக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதை மேலும் சுரக்கிறது. மிகையான இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. பிசிஓஎஸ் எனப்படும் நீர்க்கட்டிப் பிரச்சினையில் நடப்பதில் முக்கியமானது இது. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். முகத்திலும் தாடையிலும் முடி, அடங்காத முகப்பரு ஆகியவை ஆண் ஹார்மோன் மிகுந்ததன் அடையாளங்கள். கழுத்திலும் அக்குளிலும் வரும் கருமை இன்சுலின் கோளாறைக் காட்டும். அதை அழுக்கு என்று நினைத்துச் சோப்பும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்தால் போகாது.

இந்த வயதில் ஸ்கேனை மட்டும் நம்பி பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அதே வழிகாட்டுதல். பதின்பருவச் சினைப்பையில் சிறுசிறு முட்டைப்பைகள் நிறையத் தெரிவது இயல்பு. ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகை ஆகிய இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பதின்பருவத்தில் அந்த முடிவுக்கு வரலாம். ஒன்று மட்டும் இருந்தால் கண்காணித்துப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

பரீட்சை, தைராய்டு, மாத்திரை

பொதுத்தேர்வு, நீட் பயிற்சி, புதிய விடுதி, வீட்டில் ஒரு மரணம் என எந்த அழுத்தமும் மூளையின் தூண்டுதலை அடக்கிவிடக்கூடும். ஆனால் ‘டென்ஷன்தான் காரணம்’ என்ற முடிவு கடைசியாக வர வேண்டியது. அதற்குமுன் தைராய்டையும் புரோலாக்டின் அளவையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதலோடு சுழற்சியும் மாறும். புரோலாக்டின் மிகுந்தால் மார்பில் பால் போன்ற கசிவு இருக்கலாம்.

மருந்துகளும் காரணமாகலாம். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மனநலச் சிகிச்சையில் தரும் ரிஸ்பெரிடோன் ஆகியவை புரோலாக்டினைக் கூட்டும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டும் சுழற்சியைப் பாதிக்கும். அதற்காக வலிப்பு மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. கோயில் திருவிழா, வீட்டு விசேஷம் என்று நாளைத் தள்ளிப்போடக் கடையில் வாங்கிக் கொடுக்கும் நோர்எத்திஸ்டெரோன் மாத்திரையையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

கேட்கச் சங்கடமான சாத்தியம் ஒன்றும் உண்டு. நாள் தள்ளிப்போன பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்வது மருத்துவ வழக்கம். அவள்மேல் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல. பெண்ணிடம் தனியாகப் பேசச் சில நிமிடம் மருத்துவர் கேட்டால் அம்மா வெளியே காத்திருப்பது நல்லது.

அதிகமாகப் போனால்

தள்ளிப்போவதைவிட அவசரமானது அளவு மீறிய போக்கு. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு உள்ள பெண்ணுக்கு அது முதன்முதலில் தெரியவருவதே பூப்பெய்தியபின் வரும் பெரும்போக்கில் இருக்கலாம். எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர் 1920களில் விவரித்த நோய் அத்தகையது. அவர் ஆராய்ந்த குடும்பத்துச் சிறுமி 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தம் நிற்காமல் இறந்தாள். பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காதது, அடிக்கடி மூக்கில் இரத்தம், அம்மாவுக்கும் பெரும்போக்கு இருந்தது போன்றவற்றைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) காட்டியது. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை அவசியம். ஆனால் போக்கு கட்டுக்குள் வராதவரை மாத்திரை மட்டும் பலன் தராது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

15 வயதாகியும் பூப்படையாதவர்களும், மார்பு வளரத் தொடங்கி 3 ஆண்டாகியும் மாதவிடாய் வராதவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதாமாதம் அடிவயிறு வலித்தும் இரத்தம் வராவிட்டால் அது வெளிவரும் பாதையில் அடைப்பு இருக்கலாம்.

‘உள்ளே பரிசோதிப்பார்களோ’ என்ற பயத்தில் பல குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. பதின்பருவப் பெண்ணுக்கு அது வழக்கமாகத் தேவைப்படாது. உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் செய்வார்கள். சிலருக்கு உணவும் நடமாட்டமும் தூக்கமும் சீரானாலே சுழற்சி திரும்பும். சிலருக்கு ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். அதைச் சாப்பிட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் நல்ல உணவுதான். தைராய்டையோ பிசிஓஎஸ்ஸையோ அவை குணப்படுத்துவதில்லை. கல்யாணமும் ஹார்மோனை மாற்றுவதில்லை. பப்பாளியைச் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தால், கண்டுபிடித்திருக்கக்கூடிய கோளாறு இன்னும் வளர்ந்திருக்கும்.

மாதவிடாய் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் பெண்ணே குறித்து வரட்டும். சுவர்க் காலண்டரோ நோட்டுப் புத்தகமோ கைப்பேசியோ எதுவானாலும் சரி. ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்பதையும் பக்கத்தில் எழுதட்டும். ஆறு மாதக் குறிப்போடு வரும் பெண்ணுக்குப் பரிசோதனை தேவையா, காத்திருந்தால் போதுமா என்பதை மருத்துவர் முதல் சந்திப்பிலேயே பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.