வெயில் இருக்கிறது, கூரையும் பேட்டரியும் யாருக்கு?

உச்சி வெயில் நேரம். மாடியில் சோலார் தகடுகள் முழு வேகத்தில் மின்சாரம் தருகின்றன. தெருவில் கரண்ட் போனதும் அந்த வீட்டு மின்விசிறியும் சேர்ந்து நின்றுவிடுகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று சென்னையில் எங்கு பார்த்தாலும், பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த சோலாருக்கு இதுதான் விதி.

இது பழுது அல்ல. மின்தடையின்போது வீட்டு சோலாரிலிருந்து மின்சாரம் வெளியே பாய்ந்தால், கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போகும். அதனால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டுமே, வெளிக்கம்பியைத் துண்டித்துவிட்டு வீடு தன் மின்சாரத்தில் ஓடும். இரவுக்கும் அந்தப் பேட்டரிதான் துணை.

மானியம் எங்கே போகிறது?

2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். இது தகட்டின் திறனைப் பார்த்துத் தரப்படும் தொகை, பேட்டரிக்கு அல்ல. மானியம் பெறச் சொந்தக் கூரையும் வேண்டும்.

கோட்டூர்புரம் சித்ரா நகர், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் போன்ற வாரியக் குடியிருப்புகளில் மொட்டை மாடி பொதுச் சொத்து. குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. தனி வீட்டுக்குக் கிடைப்பதைவிட அது குறைவு. வாடகைக்கு இருப்பவருக்கும் புறம்போக்கில் குடிசை போட்டவருக்கும் அதுவும் எட்டாது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குறைவாகச் செலவழிக்கும் ஏழை வீட்டுக்கு சோலாரால் மிச்சமாகும் மின்கட்டணம் சொற்பமே. கரண்ட் போன இரவிலும் பிள்ளை படிக்க விளக்கு எரிவதுதான் அந்த வீட்டுக்கு உண்மையான பயன். 2015 டிசம்பரில் அடையாறு ஆறு பெருகியபோது, கரையோரக் குடியிருப்புகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாள்களில் கைபேசிக்கு சார்ஜ் ஏற்ற முடிந்தவரே உதவி கேட்கவும் முடிந்தது.

அடையாறு தந்த யோசனை

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை சித்ரா நகரிலிருந்து அதிக தூரமில்லாத சென்னை ஐ.ஐ.டி.யில் உருவானது. தகடு தருவது நேர்திசை மின்னோட்டம். பேட்டரி சேமிப்பதும் அதையே. எல்.இ.டி. விளக்கும் கைபேசியும் உள்ளுக்குள் இயங்குவதும் அதில்தான். நடுவில் அதை மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி, மறுபடி திருப்பும்போது ஒவ்வொரு முறையும் மின்சாரம் வீணாகிறது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் அந்த மாற்றத்தையே தவிர்த்தனர். 125 வாட் தகடு, சுமார் 1 யூனிட் சேமிக்கும் பேட்டரி, வீட்டுக்குள் 48 வோல்ட் நேர்திசை மின்சாரம், அவ்வளவுதான்.

ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில் ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு இது போய்ச் சேர்ந்தது. 2017இல் ஐ.இ.இ.இ. அமைப்பின் 'ஸ்பெக்ட்ரம்' இதழ், சமூகத்துக்குப் பயன்படும் தொழில்நுட்பம் என்று இதற்கு விருது அளித்தது.

மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட், 8 மணி நேரம்: 240. இரண்டு 9 வாட் விளக்கு, 5 மணி நேரம்: 90. இரண்டு கைபேசிக்கு 20. மொத்தம் 350 வாட்-மணி, அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு சற்றுக் கூடுதல். பழைய மின்விசிறி என்றால் 75 வாட். அது மட்டுமே 600 இழுத்துவிடும். சின்ன பேட்டரி போதுமா என்பதைச் சாதனங்களே முடிவு செய்கின்றன.

பசுமை வீடு சொல்லும் பாடம்

2011இல் தமிழக அரசு முதலமைச்சரின் சூரியஒளி பசுமை வீடு திட்டத்தை அறிவித்தது. ஆண்டுக்கு 60,000 வீடு, ஐந்தாண்டில் 3 லட்சம் என்பது இலக்கு. 300 சதுர அடி வீட்டில் சூரியஒளியில் எரியும் 5 விளக்குகள். ஆதிதிராவிடருக்கு 29 சதவீத ஒதுக்கீடு. காலனியில் அரசே சோலார் கட்டித் தந்தது சிறிய காரியமல்ல.

ஆனால் தகடு 25 ஆண்டு உழைக்கும். ஈய-அமில பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுதான். அதையும் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே இருந்தால் ஆயுள் இன்னும் குறையும். கூலி வேலைக்குப் போகிறவர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிதாக மாற்றுவது எளிதல்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல் என்றாலும் 2,000 முறைக்கு மேல் ஏறி இறங்கும். திட்ட மதிப்பீட்டிலேயே பேட்டரி மாற்றும் செலவைச் சேர்க்காவிட்டால், சில ஆண்டுகளில் கூரைமேல் தகடு மட்டும் மிஞ்சும்.

வேலை யாருக்கு, ஈயம் யாருக்கு?

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது நஞ்சான வேலை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கழிவு அள்ளும் வேலை சாதி பார்த்தே ஒப்படைக்கப்பட்ட நாட்டில், இந்த வேலை யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைக்கின்றன.

பேட்டரி விற்பனை, பொருத்துதல், பராமரிப்பு ஆகியவை வளரும் தொழில்கள். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படித்த நம் பிள்ளைகள் இதில் முதலாளியாகவும் ஆகலாம். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொடங்கும் தொழிலுக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி தொடங்கி ஊர்க் கோடியில் இருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதி வரை, சோலார் வரும் இடமெல்லாம் மாணவர்களும் ஊராரும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: பேட்டரி உண்டா? எத்தனை ஆண்டு உத்தரவாதம்? அது போனால் மாற்றித் தருவது யார்? கிராம சபையில் இந்தக் கேள்விகளைத் தீர்மானமாகவே எழுதி வைக்கலாம்.