கசகசாச் செடியிலிருந்து போதையும் வரும், போதைக்கு மருந்தும் வரும், தெரியுமா?

ஹெராயின், மார்ஃபின் போன்ற, ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் போதைகளில் விழுந்தவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று பேசிப் பேசியே எத்தனை பேரைக் கைவிட்டிருக்கிறோம்! அவர்களை எழுப்பி நிற்கவைக்கும் மருந்துகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அவை வந்த கதையும் வேலை செய்யும் விதமும் வாயைப் பிளக்க வைக்கும்!

ஊசிக்காகக் காத்திருந்தவர் தூரிகை எடுத்தார், தெரியுமா?

மெத்தடோன் 1930-களின் கடைசியில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் ஆலையில் வலிநிவாரணியாக உருவானது. 1964-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர், மேரி ஜீன் கிரீக் என்ற மூன்று மருத்துவர்கள் அதற்கு மறுபிறவி கொடுத்தார்கள். ஹெராயினுக்கு அடிமையான இருவருக்கு முதலில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். இருவரும் பகல் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்து, அடுத்த ஊசி எப்போது என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெத்தடோனுக்கு மாற்றினார்கள். ஒருவர் விடாமல் ஓவியம் தீட்ட ஆரம்பித்தார்! இன்னொருவர் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று நச்சரித்தார்!

காரணம் எளிது. ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் உடம்பு முறுக்கும், மறுபடி தேட வைக்கும். மெத்தடோன் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். சரியான அளவில் கொடுத்தால் கிறக்கமும் இல்லை, முறுக்கலும் இல்லை. மனிதருக்கு அவருடைய பகல் பொழுது திரும்பக் கிடைக்கிறது!

யானை மயக்க மருந்துக்குச் சொந்தக்காரன், தெரியுமா?

குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதே செடியின் பாலில் தீபெய்ன் என்ற பொருள் இருக்கிறது. அதை வைத்து 1966-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில், ரெக்கிட் நிறுவன வேதியியலாளர்கள் உருவாக்கிய இன்னொரு மருந்துதான் புப்ரெனார்பின். இதே வேதிக் குடும்பத்தில் பிறந்த எடார்ஃபின், மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது. யானையையும் காண்டாமிருகத்தையும் சாய்க்கப் பயன்படுகிறது! அந்தக் குடும்பத்திலிருந்தா உயிர் காக்கும் மாத்திரை!

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்போமே, அப்படி மூளையில் ஓபியாய்டுகள் வந்து ஒட்டும் ஏற்பிகளில் புப்ரெனார்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் ஹெராயின் வந்தாலும் உட்கார இடமில்லை! இன்னொரு அதிசயம்: ஓர் அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டினாலும் அதன் வேகம் கூடுவதில்லை. அதனால் மூச்சு நின்றுபோகும் அபாயம் மற்ற ஓபியாய்டுகளைவிட மிகக் குறைவு. ஆனால் மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் ஆபத்து.

கொட்டாவி வரும்வரை மருத்துவர் காத்திருப்பார், தெரியுமா?

உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே முதல் புப்ரெனார்பின் மாத்திரையைப் போட்டால், அது ஹெராயினை ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். வேதனை திடீரென்று பொங்கும். அதனால்தான் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, விரிந்த கண்மணி எல்லாம் பார்த்த பிறகே முதல் மாத்திரை! நம் நாட்டு மையங்களில் செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பார். விழுங்கக் கூடாது. கரைந்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்புவார்.

மாத்திரைக்குள்ளேயே ஒரு காவல்காரன், தெரியுமா?

சில மாத்திரைகளில் நலாக்ஸோன் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். நாக்குக்கு அடியில் கரைத்தால் அது பேசாமல் இருக்கும். யாராவது கரைத்து ஊசியில் ஏற்றினால் விழித்துக்கொண்டு போதையைத் தடுக்கும்!

அதே நலாக்ஸோனைத் தனியாகக் கொடுத்தால், ஹெராயின் அதிகமாகி மூச்சடங்கிக் கிடப்பவர் சில நிமிடங்களில் மூச்சு விடுவார்! ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் 1961-ல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். நெஞ்சைப் பிசைவது இதுதான்: 2003-ல் ஃபிஷ்மனின் மனைவியின் மகனே ஹெராயின் அதிகமாகி இறந்தார். மருந்து இருந்தால் போதாது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2023-ல் அமெரிக்கா நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரேயை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தது.

ஒரு நாடே மாறியது, தெரியுமா?

1990-களின் நடுவில் பிரான்ஸ், சாதாரணக் குடும்ப டாக்டரே புப்ரெனார்பின் எழுதித் தரலாம் என்றது. சில ஆண்டுகளில் ஓபியாய்டு மிகையால் நேர்ந்த மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன! 2005-ல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரெனார்பினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

பாதியில் நிறுத்துவதுதான் பேராபத்து, தெரியுமா?

"இதுவும் ஒரு போதைதானே, எத்தனை நாளைக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்வதைக் கேளுங்கள்: சிகிச்சையில் இருக்கும் காலத்தைவிட, சிகிச்சைக்கு வெளியே இருக்கும் காலத்தில் மரண விகிதம் இரண்டிலிருந்து மூன்று மடங்கு! விட்ட பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்; பழைய அளவையே எடுத்தால் உயிர் போய்விடும்.

2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். அவர்களில் சிகிச்சை எடுக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், மாத்திரையை எப்போது நிறுத்தப்போகிறாய் என்று கேட்காதீர்கள். இன்றைக்குப் போட்டாயா என்று கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு அரசின் இலவச உதவி எண் 14446 இருக்கிறது. அழைக்கலாம், இப்போதே!