முக்கால் டாலர் வித்தியாசம்

கணக்கில் ஒரு காசு உதைத்தால், அதைத் தம் சட்டைப்பையிலிருந்து போட்டு நேர் செய்துவிட்டு வீடு போய்ச் சேருகிற குமாஸ்தாவும் உண்டு. அந்தக் காசு எங்கே போயிற்று என்று விடியும்வரை பேரேட்டைப் புரட்டுகிறவரும் உண்டு. 1986 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த கிளிஃபர்ட் ஸ்டோல் இரண்டாம் ஜாதி. வானசாஸ்திர ஆராய்ச்சிக்கான மானியம் தீர்ந்துபோனதால் அந்த வேலைக்கு மாற்றப்பட்டவர் அவர். யுனிக்ஸ் இயந்திரங்களை யார் எவ்வளவு நேரம் உபயோகித்தார் என்பதற்கு அங்கே இரண்டு கணக்குகள் தனித்தனியே நடந்துவந்தன. இரண்டுக்கும் இடையே 75 சென்ட், அதாவது முக்கால் டாலர், உதைத்தது.

தோண்டிப் பார்த்ததில் ‘ஹண்டர்’ என்றொரு பெயர் அகப்பட்டது. கட்டணச் சீட்டு அனுப்ப விலாசமே இல்லாத பெயர்.

அந்த ஆள் நுழைந்த வழிதான் விசித்திரமானது. ஈமாக்ஸ் என்ற எழுதுகருவியோடு ‘மூவ்மெயில்’ என்னும் சிறு நிரல் ஒன்று வந்திருந்தது. பொதுத் தபால் பெட்டியிலிருக்கும் கடிதத்தை எடுத்து உரியவரிடம் சேர்ப்பதே அதன் உத்தியோகம். ஆனால் அந்த எளிய தபால்காரனுக்கு, நிறுவியவர்கள், யுனிக்ஸில் ‘ரூட்’ எனப்படும் சர்வாதிகாரத்தையே கொடுத்து வைத்திருந்தபடியால், கடிதமென்று சொல்லி எந்தக் கோப்பைக் கையில் கொடுத்தாலும், எந்த அறைக்குள்ளும் அது கேள்விமுறையின்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தது. ஐந்து நிமிஷத்துக்கொரு முறை தானே எழுந்து சில்லறை வேலைகளைக் கவனிக்கும் ‘ஏட்ரன்’ என்ற நிரலின் இடத்தில் தன் போலியை வைத்துவிட்டு, வந்தவன் சாவகாசமாகக் காத்திருந்தான். காக்கைக் கூட்டில் முட்டையிட்ட குயிலுக்கு அடைகாக்கும் சிரமம் ஏது? இயந்திரமே குஞ்சு பொரித்து அவனை ரூட் ஆக்கியது. உடனே அவன் பழைய நிரலை இருந்த இடத்தில் வைத்துத் தடயத்தை மறைத்தான். 1989ல் வெளிவந்த தம் புத்தகத்துக்கு ஸ்டோல் ‘குயில் முட்டை’ என்றே பெயர் சூட்டினார்.

கதவைச் சாத்தாமல் வேவு பார்ப்பதென்று அவர் தீர்மானித்தார். ஒரு வார இறுதியில், ஐம்பது தொலைபேசி இணைப்புகளுக்கும் இரவல் வாங்கிய அச்சுப்பொறிகளையும் டெர்மினல்களையும் பூட்டி, அவற்றின் நடுவே படுத்துறங்கினார். இயந்திரத்துக்குள்ளேயே குறிப்பெழுதி வைத்தால் ரூட் ஆனவன் அதைப் படிப்பான், அழித்தும் விடுவான். காகிதத்தில் விழுந்துவிட்டதை எந்த ரூட்டாலும் அழிக்க முடியாது. பதிவேட்டை உடனுக்குடன் வேறோர் இயந்திரத்துக்கு அனுப்பிவிடும் இன்றைய நிர்வாகிகள் செய்வதும் இதுவே. வந்தவன் விபரீதமான எதையாவது நகலெடுக்கத் தொடங்கினால், ஸ்டோல் தம் சாவிக்கொத்தை இணைப்புக் கம்பிகளின் மீது உரசுவார். தொலைபேசிக் கோளாறென்று எண்ணி அவன் மறுபடி முயல்வான்.

வந்தவன் சோவியத் உளவு ஸ்தாபனத்துக்குத் தகவல் விற்ற கதையைத்தான் எல்லோரும் சுவையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தச் சாவிக்கொத்தே பெரிதாகப் படுகிறது. ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து மார்க்கஸ் ஹெஸ் என்ற அந்த இளைஞன் 1990ல் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, சிறை செல்லாமலே தப்பினான்.

அவனை நெடுநேரம் இணைப்பில் நிறுத்தி வைத்தால்தான் தொலைபேசித் தடத்தைப் பிடிக்க முடியும் என்பதற்காக, 1987 தொடக்கத்தில், இல்லாத ராணுவத் திட்டமொன்றின் பெயரில் பொய்ப் பத்திரங்களைக் கத்தை கத்தையாக எழுதி இயந்திரத்தில் போட்டு, விவரம் வேண்டுவோர் எழுதிக் கேட்கலாமென்று ஒரு காரியதரிசியின் பெயரையும் ஸ்டோல் கற்பனையாகச் சேர்த்திருந்தார். சில மாதங்களில், பிறந்தேயிராத அந்த அம்மாளின் பெயருக்கு, அப்பத்திரங்களைக் கேட்டு, பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஒரு கடிதம் தபாலில் வந்து சேர்ந்தது.